ஆறாவது கேள்வி

உங்களுக்கு என்ன வியாதி சார்? சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுருங்க, சும்மாதான் கேட்டேன். கவரைக் கவுத்து மடியில வச்சிருக்கீங்களே, அதான். இந்த பெஞ்சுல எட்டுப் பேரு இருக்கோம், எட்டுப் பேரும் கவரைக் கவுத்துத்தான் வச்சிருக்கோம். மெடிக்கல் போர்டு வாசல்ல வந்து உக்காந்துக்கிட்டு இதுல என்ன ஒளிவு மறைவு? உள்ள போனா சட்டையைக் கழட்டச் சொல்லப் போறாங்க.

என் கவரா? அது கவுந்துதான் இருக்கும் சார். அது வேற கதை.

தண்ணி வேண்டாம், நீங்க குடிங்க. நல்ல சில்வர் பாட்டிலு. கனமா இருக்கும் போல. நான் வீட்டை விட்டுக் கிளம்பினா தண்ணி குடிக்கறதில்ல. பழக்கமாயிருச்சு.

நான் கண்டக்டர் சார். அருணகிரின்னு பேரு. அரசு பஸ்சு, ராமேஸ்வரம் லைன், இருபத்திரண்டு வருஷ சர்வீசு. அதுல பதினோரு வருஷம் ஒரே வண்டி, ஒரே டிரைவர். இன்னாசிமுத்து. அவனாலதான் நான் இன்னிக்கு இந்த பெஞ்சுல உக்காந்திருக்கேன். நேரம் இருக்குல்ல? டாக்டருங்க மூணு பேரும் வந்தாத்தான் போர்டு கூடுமாம். ஒருத்தர்தான் வந்திருக்காரு. அப்ப கேளுங்க.

நானும் இன்னாசியும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். ஒரே வயசு. வண்டியை ஓட்டறது அவன், நடத்தறது நான். அறுபது பேரை ஏத்தி, இறக்கி, சில்லறைக்குச் சண்டை போட்டு, குடிகாரனை இறக்கி விட்டு, செக்கிங்குக்குப் பதில் சொல்லி... எல்லாம் நான். ஆனா ராமநாதபுரத்துல பூக்காரம்மா பூ குடுக்கறது அவனுக்கு. தேவகோட்டை டீக்கடைக்காரன் வண்டி சத்தம் கேட்டதும் டீயை ஆத்தி எடுத்துட்டு ஓடி வர்றது அவனுக்கு. எனக்கும் டீ உண்டு. ஆனா கேக்கணும். பதினோரு வருஷமும் கேட்டுத்தான் குடிச்சேன். இறங்கிப் போற ஜனங்ககூட முன்பக்கம் எட்டிப் பாத்து, "வர்றோம் டிரைவரண்ணே"ன்னு சொல்லிட்டுப் போகும். நான் பின்னாடி படியில நிக்கறேன், என்னைத் தாண்டித்தான் இறங்குதுங்க. ஒரு வார்த்தை?

வயித்தெரிச்சல்னு நினைக்காதீங்க. இருந்ததைச் சொல்றேன்.

இவ்வளவுக்கும் அவன்கிட்ட ஒரு கிறுக்கு உண்டு. டயர் தட்டறது. தேவகோட்டை தாண்டி ஒரு முக்கால் மணி நேரம் போனா, ஒரு விலக்கு வரும், ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, ஊரு கிடையாது, ஸ்டாப்பு கிடையாது. அந்த இடத்துல வண்டியை ஓரங்கட்டுவான். இரும்பு ராடை எடுத்துக்கிட்டு இறங்குவான். ஆறு டயரையும் தட்டுவான். டங்கு, டங்குன்னு. நிதானமா. வண்டியில இருக்கறவன் எல்லாம் ஜன்னல்ல தலையை விட்டு அவனையே வேடிக்கை பாப்பான். தினமும் சார்! போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. முதல் நாலு வருஷம் டயர் பக்கம் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. திடீர்னு ஒரு நாள் ஆரம்பிச்சான், அப்புறம் ஏழு வருஷம் விடவே இல்ல. எனக்கென்ன, அவன் தட்டி முடிக்கறதுக்குள்ள நான் அந்தப் பக்கம் கருவேல மறைவுல என் வேலையை முடிச்சுட்டு வந்துருவேன். ஆனா டைம் போகுதுல்ல? எத்தனை தடவை சொல்லிருப்பேன், "ஏண்டா, டயர்ல காத்து இருக்குடா, உனக்குத்தான் காத்து போயிருச்சு"ன்னு. சிரிப்பான். ஆறு நிமிஷ லேட்டுக்குப் பதில் எழுதிக் குடுக்கறதும் அவன்தான், அது வேற. மெமோ ரெண்டு வாங்கிருக்கான் அந்த டயரால.

போன வருஷம் ஆடி மாசம் திடீர்னு லீவுல போனான். ரெண்டு மாசம். திரும்பி வந்தவன் வண்டிக்கு வரல சார். நேரா மேனேஜர் ரூமுக்குப் போனான், ஒட்டின கவர் ஒண்ணைக் குடுத்தான், வெளியில வந்தான். லைட் டூட்டி! உங்களுக்குத் தெரியாது, எங்க டிபார்ட்மெண்டுல உடம்பு முடியாம வண்டி ஓட்ட முடியாத டிரைவருக்கு ஆபீஸ் பக்கம் லேசான வேலை போடுவாங்க. அதை வாங்கறதுக்கு ஆளுங்க நாயா அலைவாங்க. இவனுக்கு ஒரே கவர்ல கிடைச்சுது. எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸ்ல அனவுன்ஸ்மெண்டு. நாற்காலி. மேல ஃபேன். கையில மைக்கு.

என்ன வியாதின்னு கேட்டேன். "அப்புறம் சொல்றேன் கிரி"ன்னான். மறுபடி கேட்டேன். "விடுடா, சரியாயிரும்"ன்னான். மூணாவது தடவை கேட்டேன், தோள்ல கையை வச்சான். பதினோரு வருஷம் சார். அவன் மக சமைஞ்சதுக்குத் தட்டு தூக்கினவன் நான். அவன் அப்பா செத்தப்ப கல்லறையில மண்ணு போட்டவன் நான். எனக்கு ஒரு அப்புறமாம்!

வீட்டுக்குப் போனேன். ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கிக்கிட்டுத்தான் போனேன். அவன் சம்சாரம் ஸ்டெல்லா காப்பி குடுத்துச்சு. "என்னம்மா, இவனுக்கு என்னதான் உடம்புக்கு?"ன்னேன். "அவங்களே சொல்லுவாங்கண்ணே"ன்னு உள்ள போயிருச்சு. வியாதியைச் சொல்லல, ஹார்லிக்ஸை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டாங்க.

ஆளை உத்து உத்துப் பாத்தேன். கை இருக்கு, கால் இருக்கு, தலையில முடி அப்படியே இருக்கு. கொஞ்சம் இளைச்சிருந்தான். இளைச்சா என்ன, சட்டை இன்னும் நல்லாத்தான் இருந்துச்சு அவனுக்கு. ஒரு நாள் அவன் மெடிக்கல் ஷாப்புல மருந்து வாங்கறதைப் பாத்து, அவன் போனதும் நானும் போய் நின்னேன். "இப்ப வந்துட்டுப் போனாரே ஒருத்தர், அவருக்குக் குடுத்ததையே எனக்கும் குடுங்க"ன்னேன். கடைக்காரன் சீட்டைக் கேட்டுட்டான்.

சிரிக்கிறீங்க. உங்க கூட வேலை பாக்கறவன் இப்படிப் பண்ணினா தெரியும்.

எதுலதான் எனக்கு ரொம்ப எரிஞ்சுதுன்னு கேளுங்க. நாற்காலியில இல்ல. ஃபேன்ல இல்ல. மத்தியானச் சாப்பாட்டுல. ஸ்டெல்லா வைக்கிற கருவாட்டுக் குழம்பு, பதினோரு வருஷமா பாதி அவனுக்கு, பாதி எனக்கு. அவன் லைட் டூட்டி போன அந்த வாரம், வண்டி ஸ்டாண்டுக்குள்ள நுழையறப்ப பாக்கறேன், டைம் கீப்பர் சலாவுதீன் பாய் கூட உக்காந்து டப்பாவைத் திறந்து வச்சு சாப்பிட்டுக்கிட்டிருக்கான். பாய் குழம்பை ஊத்திப் பிசையறாரு. என் பாதி சார் அது! அவரு என்னத்தக் கண்டாரு அவனை? அவருக்கு மட்டும் சொல்லிருப்பான் வியாதியை. மேனேஜருக்குத் தெரியும், பாய்க்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. பைத்தியக்காரன் மாதிரி படியில தொங்கிக்கிட்டு விசில் ஊதினேன்.

என்னைப் பாத்ததும் டப்பா மூடியில கொஞ்சம் எடுத்து வச்சு, வான்னு கையைக் காட்டினான். போகல. மூடியில வாங்கித் தின்னவா நான்?

அதோட விட்டானா? மைக்கைப் புடிச்சு, "ராமேஸ்வரம் செல்லும் பேருந்து பத்து நிமிடம் நிற்கும்"னு சொல்லுவான். எங்களுக்கு அங்க அஞ்சு நிமிஷம்தான். இவன் யாரு பத்துன்னு சொல்ல? அதுவும் எங்க வண்டிக்கு மட்டும். டைம் புக்குல பாய்கிட்டச் சொல்லி அவனே சரிக்கட்டிருவான். அதிகாரத்தைக் காட்டறான் பாருங்க! நான் அந்த அஞ்சு நிமிஷத்துல பின்பக்கம் போய்ட்டு வருவேன், சும்மா நிக்கறதுக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க ஆபீஸ்ல தமயந்தி மேடம்னு ஒரு கிளார்க்கு. ஃபைல் எல்லாம் அவங்க கையிலதான். போய்க் கேட்டேன். "ஒட்டின கவரு, மேனேஜர் பீரோவுல இருக்கு. எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்"னாங்க. "மேடம், அவன் என் டிரைவரு"ன்னேன். "அவரு உடம்பு அவரோடதுல்ல?"ன்னாங்க. எனக்கு சுருக்குன்னு வந்திருச்சு. கவர்மெண்டு சம்பளம், கவர்மெண்டு நாற்காலி, கவர்மெண்டு ஃபேன். உடம்பு மட்டும் எப்படிச் சொந்தம்?

போட்டேன் ஒரு மனு. தகவல் அறியும் உரிமைச் சட்டம். நம்ம ஜனங்களுக்கு சட்டம் தெரியாது சார், எனக்குத் தெரியும். யாருகிட்டயும் எழுதி வாங்கல, நானே ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன். ஏழு கேள்வி. ஒண்ணு, மேற்படி ஓட்டுநருக்கு உள்ள நோயின் பெயர் என்ன. ரெண்டு, அது எந்தத் தேதி முதல் உள்ளது. மூணு, மருத்துவச் சான்றின் நகல் வேண்டும். நாலு, அதே நோயுள்ள எத்தனை பேருக்கு இதுவரை லைட் டூட்டி வழங்கப்பட்டது. அஞ்சு, அவருக்கு மின்விசிறி எந்த விதியின் கீழ் வழங்கப்பட்டது. ஏழு... ஏழு வந்து இந்தச் சாப்பாட்டு நேரத்தைப் பத்தி. அது வேண்டாம்.

ஆறாவதுதான் சார் கேள்வி. அதை எழுதி முடிச்சதும் நானே அசந்துட்டேன். மனப்பாடமா சொல்றேன். "அடக்க இயலாத சிறுநீர்க் கோளாறு ஏழு ஆண்டுகளாக இருந்தும், ஒரு நாள் கூடச் சலுகை கோராமல் நெடுந்தூரத் தடத்தில் பணியாற்றி வரும் கீழே கையொப்பமிட்டுள்ள நடத்துநருக்கு வழங்கப்படாத சலுகை, மேற்படி ஓட்டுநருக்கு வழங்கப்பட்டது ஏன்?"

ஆமா. எனக்குத்தான். இப்ப உங்ககிட்டச் சொன்னா என்ன, நீங்க யாரோ. எங்க வீட்டம்மாவுக்கே தெரியாது சார். ராத்திரி எந்திரிச்சா மோட்டார் போடப் போறேம்பேன். தெரிஞ்சா என்ன நினைப்பா? இன்னாசிகிட்டகூட மூச்சு விட்டதில்ல. ஆம்பள இதைப் போய் வெளியில சொல்லுவானா? மனுவுல எழுதினது வேற. அது பெரிய ஆபீஸர் ஒருத்தர் படிப்பாரு, பதில் போடுவாரு, அவ்வளவுதானேன்னு எழுதிட்டேன்.

சட்டத்துல இன்னொரு இடம் இருக்கு, அதை நான் படிக்கல. ஒருத்தனைப் பத்திக் கேட்டா, அவனுக்கு ஒரு நோட்டீஸ் போகுமாம். உன்னைப் பத்தி இப்படிக் கேக்கறாங்க, குடுக்கலாமா கூடாதான்னு. என் மனுவை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, இணைச்சு, தபால் செக்ஷன் வழியா டிப்போவுக்கு அனுப்பிட்டாங்க. திறந்த கவர்ல.

இன்னாசி அந்தக் காகிதத்தோட பஸ் ஸ்டாண்டுல என்னைத் தேடி வந்தான். மைக்கை பாய்கிட்டக் குடுத்துட்டு இறங்கி வந்தான்.

"கிரி, இது நீ போட்டதா?"

"ஆமா. எனக்கு உரிமை இருக்கு."

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்லடா."

"மூணு தடவை கேட்டேன். எண்ணி வச்சிருக்கேன்."

"அப்ப எனக்கே அதை வாயால சொல்லத் தைரியம் வரலடா. பயமா இருந்துச்சு. இப்பப் பரவால்ல. வா, உக்காரு, எல்லாத்தையும் சொல்றேன்."

பக்கத்துல பெஞ்சு காலியாத்தான் இருந்துச்சு. அவனும் உக்காந்துட்டான். கையால தூசியைத் தட்டி இடம் விட்டான் எனக்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு எழுத்துப்பூர்வமா வரட்டும்"னேன்.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. ஒரு வருஷம் அலைய விட்டுட்டு இப்ப வான்னா வந்துரணுமா? விசில் ஊதிட்டு வண்டியில ஏறிட்டேன். திரும்பிப் பாத்தேன், அதே பெஞ்சுல காகிதத்தை மடியில கவுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். உங்களை மாதிரித்தான்.

எழுத்துப்பூர்வமா வந்துச்சு. ஒரே வரி. "கோரப்பட்டவை தனிநபரின் சொந்தத் தகவல்கள் என்பதால் வழங்க இயலாது." எனக்கு எவ்வளவு ஆத்திரம்! தமயந்தி மேடத்துகிட்டப் போய்க் கத்தினேன். அந்தம்மா ஃபைலை மூடி வச்சுட்டு, "நோட்டீசுக்கு அவரு என்ன பதில் எழுதிக் குடுத்தாரு தெரியுமா?"ன்னாங்க. ரெண்டே வரியாம். முதல் வரி, என்னைப் பத்தின விவரம் தர வேண்டாம். ரெண்டாவது வரி, மனுவில் உள்ள ஆறாவது கேள்வியை மை வைத்து மறைத்துவிட்டு ஃபைலில் வைக்கவும்.

பாத்தீங்களா? ஆறாவது கேள்வி அவனைக் குத்திருச்சு! பதில் சொல்ல முடியல, அதான் மறைக்கச் சொல்றான். என் கேள்வியில மை பூசச் சொல்ல இவன் யாரு? "மை அடிக்கக் கூடாது மேடம், அப்படியே இருக்கணும்"னு நான் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.

இருந்துச்சு. அப்படியே இருந்துச்சு. தபால்ல பிரிச்சவன் படிச்சான், டைப் அடிச்சவன் படிச்சான், கேண்டீன் வரைக்கும் வந்துருச்சு. டீ சொன்னா, "அண்ணனுக்கு அரை டீ போடுப்பா, வண்டி ராமேஸ்வரம் போவணும்"ங்கறான் ஒருத்தன். டூட்டி ஷீட்டுல என் பேருக்குப் பக்கத்துல எவனோ குழாய் படம் வரைஞ்சு வச்சிருக்கான். இன்னாசிதான் பரப்பிருப்பான்னு முதல்ல நினைச்சேன். அவன் இல்லையாம். அவன் அந்த நோட்டீசை அன்னிக்கே கிழிச்சுப் போட்டுட்டானாம், பாய் சொன்னாரு. குழாய் வரைஞ்சவனோட சட்டையை இன்னாசி புடிச்சுட்டானாம் கேண்டீன்ல. உடம்பு முடியாதவன் சட்டையைப் புடிக்கலாமா? அப்ப என்ன வியாதி அது?

அதுக்கப்புறம்தான் மேனேஜர் கூப்பிட்டாரு. "நீங்களே எழுத்துல குடுத்துட்டீங்க, கோளாறு இருக்குன்னு. இனிமே செக் பண்ணாம உங்களை லாங் ரூட்ல அனுப்பினா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. மெடிக்கல் போர்டுக்குப் போங்க"ன்னுட்டாரு. ரூட்டு போச்சு. ராமேஸ்வரம் வண்டியில வேற கண்டக்டர்.

லைட் டூட்டி எனக்கும் கிடைக்குமேங்கறீங்களா? எனக்கு எதுக்கு சார் அது? நான் கேட்டது எனக்கு வேணும்னா? அவனுக்கு இருக்கக் கூடாதுன்னுதானே!

கடைசியா வண்டியில போன வாரத்தைச் சொல்றேன். இன்னாசி இடத்துக்கு வந்தவன் கோவிந்தசாமின்னு ஒருத்தன். நல்லா ஓட்டுவான், ஒண்ணும் சொல்ல முடியாது. டயரைத் தட்ட மாட்டான், அப்பாடான்னு இருந்துச்சு முதல்ல. அப்புறம் முடியல சார். தேவகோட்டையில இருந்து ராமநாதபுரம் வரைக்கும் எப்படிப் போனேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு நாள்... வேண்டாம் விடுங்க. அன்னிக்கு ஸ்டாண்டுல டிக்கெட் பையை முன்னாடி வச்சு மறைச்சுக்கிட்டு இறங்கினேன். மனு விஷயம் தெரிஞ்சதுக்கப்புறம் இவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஸ்டியரிங்ல இருந்து திரும்பி, வண்டி முழுக்கக் கேக்கற மாதிரி, "அண்ணே, அர்ஜெண்டா? நிறுத்தவா?"ங்கறான். அறுபது பேரும் திரும்பி என்னைப் பாக்கறாங்க. நல்ல எண்ணத்துலதான் கேட்டான். செத்துரலாம் போல இருந்துச்சு எனக்கு. "போடா, போ"ன்னு விசிலை ஊதினேன்.

டிப்போவுல வந்து அவன் சொல்றான். "அண்ணே, இன்னாசி அண்ணன் வண்டியை ஒப்படைக்கறப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. அந்தக் கருவேலங்காட்டு விலக்குல தினமும் நிறுத்தி டயரைத் தட்டணும், யார் கேட்டாலும் டயருன்னுதான் சொல்லணும், அவசரமில்லாமத் தட்டணும்னு. டயர்ல ஒண்ணும் இல்லையேன்னுதான் நான் நிறுத்தாம விட்டுட்டேன்"ங்கறான். வியாதியில போறவன், போறப்பகூட அந்தக் கிறுக்கை இன்னொருத்தன் தலையில கட்டிட்டுப் போயிருக்கான் பாருங்க.

என்ன சார்? என்ன அப்படிப் பாக்கறீங்க?

எனக்காகவா? அவனுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்லவே இல்லையே. எங்க வீட்டம்மாவுக்கே தெரியாதுன்னு சொன்னேன்ல. கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்திருப்பான்னா... அவ்வளவு நேரம் கண்ணாடியில என்னையா பாத்துக்கிட்டு ஓட்டினான்? இல்ல சார். டயர்தான். மழையிலகூட இறங்கித் தட்டுவான். சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு... அத்தனை பேரும் அவனைத்தான் பாப்பாங்க. என் பக்கம் ஒருத்தனும் திரும்ப மாட்டான்.

ஏழு வருஷத்துல ஒரு டயர்கூட பஞ்சராகல சார்.

இருங்க, யாரோ கத்தறான். அட்டெண்டர். மூணு டாக்டரும் வந்துட்டாங்க போல.

"நடத்துநர் அருணகிரி! யூரின் அடக்க முடியாத கேசு! யாருப்பா அது? எங்க போனாரு?"

இப்படியா சார் கூப்பிடுவாங்க? இத்தனை பொம்பளைங்க உக்காந்திருக்கற இடத்துல? பேரைச் சொன்னாப் பத்தாதா? எல்லாரும் பாக்கறாங்க பாருங்க, எவன் எந்திரிக்கப் போறான்னு பாக்கறாங்க. எந்திரிச்சா நான்தான்னு தெரிஞ்சுரும். கத்தட்டும். தொண்டை வலிச்சா விட்டுருவான்.

விட மாட்டான் போல.

சார், ஒரு உதவி. தப்பா நினைக்காதீங்க. அந்த சில்வர் பாட்டிலைக் கொஞ்சம் கீழ போடுறீங்களா? அந்தப் பக்கமா உருட்டி விடுங்க, நல்லா சத்தம் வரட்டும். எல்லாரும் அங்க திரும்பிப் பாக்கறதுக்குள்ள நான் உள்ள போயிருவேன்.

இன்னாசியா இருந்தா நான் இப்படி வாயை விட்டுக் கேட்டிருக்கவே வேண்டாம். போட்டிருப்பான்.

போடுங்க சார்.